சர்வர் ஓஎஸ்ஸுக்கு டெஸ்க்டாப் மதர்போர்டு: இன்டெலா, ஏஎம்டியா?

மதர்போர்டு வாங்கும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது சிப்செட்டைத்தான். சர்வர் ஓஎஸ் போடப்போகிறீர்கள் என்றால், விவரப் பட்டியலில் சின்னதாக இருக்கும் லேன் (நெட்வொர்க் இணைப்பு) வரியை முதலில் பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

இன்டெல் டெஸ்க்டாப் போர்டுகள் பலவற்றில் ஐ219-வி என்ற லேன் சிப் இருக்கும். விண்டோஸ் 10-இல் ஒரு குறையும் தெரியாது. அதே மெஷினில் விண்டோஸ் சர்வர் 2019 போட்டால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வந்து நிற்கும். சிப்பில் பழுதில்லை. அதன் உடன்பிறப்பான ஐ219-எல்எம்முக்கு மட்டும்தான் இன்டெல் சர்வர் டிரைவர் தருகிறது. பட்டியலிலிருந்து எல்எம் டிரைவரைக் கையால் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் வேலை செய்துவிடும். சோதனை மெஷினுக்கு அது போதும். நாலு பேர் நம்பியிருக்கும் மெஷினில் நான் அப்படிச் செய்யமாட்டேன்.

ஏஎம்டி பி550 மாதிரி போர்டுகளில் பெரும்பாலும் ரியல்டெக் சிப். விண்டோஸ் சர்வரில் இது அதிகம் படுத்தாது, விண்டோஸ் 10 டிரைவரே பொதுவாக ஏறிவிடும். இஎஸ்எக்ஸ்ஐ (ஒரே மெஷினில் பல மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் விஎம்வேர் மென்பொருள்) என்றால் கதை தலைகீழ். 5.5 பதிப்பிலேயே ரியல்டெக் டிரைவரை எடுத்துவிட்டார்கள். வெளியிலிருந்து சேர்த்து ஓட்டிய பழைய டிரைவர்களும் 2020-இல் வந்த 7.0-வோடு செல்லாமல் போயின. நெட்வொர்க் அடாப்டர் இல்லை என்று இன்ஸ்டாலரே நின்றுவிடும்.

அதற்காக இன்டெலுக்குத் தாவினால், 12-ஆம் தலைமுறை முதல் பெரிய கோர், சிறிய கோர் கலந்த பிராசஸர்களில் இஎஸ்எக்ஸ்ஐ ஊதாத் திரை காட்டி நின்றுவிடும். பயாஸில் சிறிய கோர்களை அணைக்க வேண்டும், இல்லையென்றால் பூட் ஆப்ஷன் கொடுத்து, கோர்களெல்லாம் ஒரே மாதிரியா என்று அது பார்க்கும் சோதனையைத் தளர்த்த வேண்டும். காசு கொடுத்து வாங்கிய கோரை அணைத்து வைக்க எனக்கு மனம் வராது. இஎஸ்எக்ஸ்ஐக்கு நான் ஏஎம்டி ரைசன் போர்டில் இன்டெல் ஐ350 நெட்வொர்க் கார்டு ஒன்றைச் செருகுவேன்.

லினக்ஸ், அதன் மேல் மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் என்றால் லேன் கவலை வெகுவாகக் குறைகிறது. அங்கே பார்க்க வேண்டியது இசிசி மெமரி, அதாவது டேட்டாவில் நேரும் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்த உதவும் ராம். இன்டெலில் பி760, இசட்790 எதிலும் இசிசி கிடையாது. டபிள்யூ680 சிப்செட்தான் வேண்டும், விலையும் கூடும். ஏஎம்டியில் சாதாரண போர்டே போதும், ஆனால் தயாரிப்பாளர் அதை இயக்கி விட்டிருக்க வேண்டும். மேனுவலைக் கவனமாகப் படியுங்கள்: இசிசி ராம் போடலாம், ஆனால் நான்-இசிசி முறையில் ஓடும் என்று எழுதியிருந்தால் பிழைதிருத்தம் நடக்காது. ஏஎம்4 சாக்கெட்டில் ப்ரோ அல்லாத ஜி வகை (கிராபிக்ஸ் சேர்ந்த) ரைசனும் உதவாது. டிடிஆர்5 சிப்புக்குள்ளேயே இருக்கும் இசிசியையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்; அது ராமுக்கும் பிராசஸருக்கும் நடுவில் நேரும் பிழையைப் பிடிக்காது.

அப்புறம், புதிய இன்டெல் போர்டில் இன்ஸ்டாலருக்கு என்விஎம்இ டிஸ்க் தெரியவில்லை என்றால் பதறாதீர்கள். பயாஸில் விஎம்டியை (என்விஎம்இ டிஸ்க்குகளை நிர்வகிக்கும் இன்டெல் வசதி) அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.