மலையகத்தில் இலவச மருத்துவம்: கட்டில் நல்லது, கட்டில்வரை உள்ள வழிதான் செலவு

இலங்கையில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் மருத்துவக் காப்புக்கு எந்தக் கந்தோரில் பதிய வேண்டும், எந்த அட்டை எடுக்க வேண்டும் என்று தோட்டங்களில் இன்னும் கேட்கிறார்கள். பதியத் தேவையில்லை. அட்டையும் இல்லை, மாதச் சந்தாவும் இல்லை. அஸ்வெசும என்ற அரச நிவாரணக் கொடுப்பனவுப் பட்டியலில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரச ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்ப்பது, வாட்டில் தங்குவது, பிரசவம், சத்திரசிகிச்சை, கையிருப்பில் உள்ள மருந்து எல்லாம் இலவசம். 1971இல் வெளிநோயாளர் பிரிவில் 25 சதம் அறவிடத் தொடங்கினார்கள். 1977இல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், இருக்கிற ஒரு குடும்பத்தின் நிலையில் நின்று பார்த்தால் எங்கள் மதிப்பீடு இதுதான்: கட்டில்வரை போய்ச் சேர்ந்தவருக்கு இது நல்ல சேவை. போகிற வழிதான் காசைத் தின்கிறது. ஆட்டோக் கூலி, நோயாளிக்கு ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) நட்டம், துணைக்குப் போகிறவருக்கு இன்னொரு பேர், மேலே வெளியில் வாங்கச் சொல்லும் மருந்து. ஒரு முறை போய் முடிய வேண்டிய காரியத்துக்கு மூன்று முறை போனால் இலவச மருத்துவமும் கடனில்தான் கொண்டுபோய் விடும். அதனால் வீண் நடையை எப்படிக் குறைப்பது என்பதையே இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் எங்கே போவது? தோட்ட டிஸ்பென்சரியில் இருக்கும் ‘டாக்டரையா’ பெரும்பாலும் தோட்ட மருத்துவ உதவியாளர், எம்.பி.பி.எஸ். படித்தவர் அல்லர். சாதாரணக் காய்ச்சல், சிறு வெட்டுக்காயம் என்றால் அவரிடம் காட்டலாம், பக்கத்தில் இருப்பவர் அவர்தான். ஆனால் அவருடைய துண்டு இல்லாமல் அரச ஆஸ்பத்திரியில் எடுக்கமாட்டார்கள் என்ற பேச்சு தவறு. நேராகப் போகலாம். தோட்டக் கந்தோர் லீவுப் பதிவுக்குக் கேட்டால் மட்டும் துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். பொகவந்தலாவை, மஸ்கெலியா, லிந்துலை போன்ற இடங்களில் பிரதேச வைத்தியசாலைகள் இருக்கின்றன. அதற்கு மேல் டிக்கோயா ஆதார வைத்தியசாலை. இந்திய உதவியில் 150 கட்டில்களோடு கட்டப்பட்டு 2017 மே மாதம் திறக்கப்பட்டது. அதற்கும் மேல் நுவரெலியா, கண்டி. ஊவாப் பக்கத்தில் தியத்தலாவை, பிறகு பதுளை. பிள்ளைகளின் சிக்கலான வருத்தங்களுக்குப் பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை.

பெரிய ஆஸ்பத்திரி என்றால் நல்ல மருந்து என்று பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் கண்டிக்கு ஓடுவது வீண். வழமையான குளிசைகளைப் பிரதேச வைத்தியசாலைக் கிளினிக்கிலேயே தருகிறார்கள். விசேட வைத்தியரைப் பார்க்க வேண்டியிருந்தால் அங்கேயே கடிதம் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு போனால் தனியாரிடம் ‘சனல்’ பண்ணிக் காசு கட்டாமலே கிளினிக்கில் பார்க்கலாம். ஏற்கெனவே கண்டியில் காட்டுகிறவர்கள் அடுத்த முறை டாக்டரிடம், “மாத மருந்தை எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில எடுக்கலாமா?” என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நோய் கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் எழுதித் தருவார்கள். அந்த ஒரு கடிதம் மாதம் ஒரு பஸ் பயணத்தை மிச்சப்படுத்தும்.

இந்தச் சேவையில் உங்கள் காப்புறுதிப் பத்திரம் என்று ஒன்று உண்டென்றால் அது கிளினிக் கொப்பிதான். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், கடைசி இரத்தப் பரிசோதனை என்ன, அடுத்த திகதி எப்போது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. லயக் கூரை ஒழுகும். அடுப்புப் புகை படியும். கொப்பியையும் பரிசோதனைத் துண்டுகளையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். நல்ல போன் இருந்தால் கடைசி இரண்டு பக்கங்களைப் படம் எடுத்து வையுங்கள். கொப்பி தொலைந்தவருக்குப் பழைய மருந்தைக் கண்டுபிடிக்கவே ஒரு கிளினிக் நாள் போய்விடும். சத்திரசிகிச்சைத் திகதியைக் கடிதத்தில் அனுப்புவதாகச் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். பல லயங்களுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து அங்கேயே கிடக்கும். போன் இலக்கம் இரண்டு கொடுத்து, திகதியைக் கொப்பியிலும் எழுதச் சொல்லுங்கள்.

கிளினிக் நாள் காலையில் நடக்கிற இரண்டு பிழைகளால் நிறையப் பேர் நட்டப்படுகிறார்கள். முதலாவது சாயத்தண்ணி, பால் சேர்க்காத தேத்தண்ணி. வெறுவயிற்றுச் சீனிப் பரிசோதனைக்கு முந்திய இரவு சாப்பிட்டபின் 8 முதல் 10 மணித்தியாலம் வரை பச்சைத் தண்ணீர் தவிர வேறு எதுவும் கூடாது. குளிருக்கு ஒரு மிடறு சாயத்தண்ணி, கூடவே கையில் ஒரு கடி சீனி என்றாலும் கணக்குப் பிழைத்துவிடும். ஒன்று திருப்பி அனுப்புவார்கள், இல்லையென்றால் கூடின அளவைப் பார்த்து மருந்தைக் கூட்டிவிடுவார்கள். இரண்டாவது, ‘டாக்டரைப் பார்த்த பிறகு போடலாம்’ என்று பிரஷர் குளிசையை விட்டுவிட்டுப் போவது. குளிசை இல்லாமல் ஏறின பிரஷரைப் பார்க்கிற டாக்டர், குடிக்கிற மருந்து போதவில்லை என்றுதான் நினைப்பார். வேறு மாதிரிச் சொல்லியிருந்தாலொழிய பிரஷர் குளிசையை வழமைபோலத் தண்ணீரோடு போட்டுவிட்டுப் போங்கள். சீனிக் குளிசையும் இன்சுலினும் மட்டும் இரத்தம் எடுத்த பிறகு, காலைச் சாப்பாட்டு நேரத்தில், டாக்டர் சொன்ன முறைப்படி. ஒரு பொட்டலம் ரொட்டி கையில் இருக்கட்டும்.

அடுத்தது மருந்து உறை. சேவையில் எங்களுக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருகிற இடம் இது. சின்னக் கடதாசி உறையில் பேனாவால் கிறுக்கின குறிகள். ஆறு உறை, ஆறு குறி, வாசிக்கத் தெரியாத ஆள். அந்தக் குறிகளைப் பழகிக்கொள்ளலாம். பி.டி. என்றால் காலையும் இரவும், ஒரு நாளைக்கு இரண்டு தரம். டி.டி.எஸ். என்றால் மூன்று தரம். மேனே காலையில் மட்டும், நொக்டே இரவில் மட்டும். ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பாட்டுக்குப் பின். எஸ்.ஓ.எஸ். என்றால் வலி, காய்ச்சல் இருக்கும்போது மட்டும், தினமும் போடுவதற்கல்ல. மருந்து கொடுக்கிற ஜன்னலிலேயே ஒவ்வொரு உறையையும் காட்டி நேரத்தைக் கேட்டு, உறையின் பின்பக்கம் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துத் தெரியாதவருக்குச் சூரியனும் நிலாவும் கீறிக் கொடுத்தால் போதும். பின்னால் வரிசை நிற்கிறது என்று கூச்சப்பட வேண்டாம். இரவுக் குளிசையும் காலைக் குளிசையும் மாறினால் மலையில் தலைசுற்றி விழுவது நீங்கள்தான்.

மருந்து இல்லாத மாதங்களும் வருகின்றன. 2022 பொருளாதார நெருக்கடியில் அது எல்லோருக்கும் தெரிந்த அனுபவம். துண்டு எழுதி வெளியில் வாங்கச் சொன்னால் முதலில் டாக்டரிடமே, இதற்குப் பதிலாக உள்ளே இருக்கிற வேறு மருந்து சரிவருமா என்று கேளுங்கள். பல நேரம் சரிவரும். இல்லையென்றால் துண்டில் மருந்தின் பொதுப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே மருந்து கம்பனிப் பெயரில் பல மடங்கு விலைக்கு விற்கும். மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே முன்னின்று 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் ‘ஒசுசல’ கடைகள் கண்டி, நுவரெலியா, பதுளை நகரங்களில் இருக்கின்றன. விலை விசாரிக்க முதலில் அங்கே போங்கள். மாதம் முழுவதற்கும் காசு இல்லாவிட்டால் பத்து நாள் மருந்தை மட்டும் வாங்கலாம். ஆனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம். அது பிரஷரிலும் வலிப்பிலும் ஆபத்து.

தாய், பிள்ளைச் சேவை மலையகத்தில் இந்த அமைப்பின் பலமான பக்கம். குடும்ப நல உத்தியோகத்தர், நம் வாயில் மிட்வைப் அம்மா, லயத்துக்கே வருகிறார். பதிவு, தடுப்பூசி, திரிபோஷ சத்துமா, இரும்புச்சத்துக் குளிசை எல்லாம் இலவசம். ஒரு விஷயம் மட்டும்: தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. குளிசைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி வேண்டாம். கல்சியம் குளிசையோடும் சேர்த்துப் போடக்கூடாது. தேசிக்காய்த் தண்ணீரோடு போட்டால் நன்றாகச் சேரும். மாதக்கணக்கில் குளிசை போட்டும் இரத்தம் ஏறவில்லை என்று சொல்கிறவர்கள் முதலில் தேத்தண்ணி நேரத்தைப் பாருங்கள். 35 வயது தாண்டினால் பக்கத்து ஆஸ்பத்திரியில் ‘சுகவாழ்வு மையம்’ எந்த நாள் என்று கேளுங்கள். சீனி, பிரஷர் சோதனையைக் காசில்லாமல் அங்கே செய்யலாம்.

அவசரத்துக்கு 1990. சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுவதும் வந்தது. காசு இல்லை, தமிழிலும் பேசலாம். பிழைப்பது வழி சொல்வதில்தான். தோட்டத்தின் பெயர், டிவிசன், பக்கத்து ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) அல்லது கோயில், தார் ரோட்டில் எந்த முடக்கில் ஆள் நிற்கும் என்பது, இந்த நான்கையும் சொல்லுங்கள். லயத்தடிவரை வண்டி வராத இடங்களில் ஒருவரை டோர்ச்சோடு முன்னாலேயே ரோட்டுக்கு அனுப்புங்கள். போனைக் கட் பண்ணாதீர்கள். அவர்கள் நோயாளியைப் பொருத்தமான பக்கத்து அரச ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்கள், நாம் கேட்கிற இடத்துக்கு அல்ல. கிளினிக் போக, வீடு திரும்ப அது கிடையாது.

கொழுந்து மலையில் குளவி கொட்டி முகமோ நாக்கோ வீங்கினால், மூச்சு இரைத்தால், மயக்கம் வந்தால் சுண்ணாம்பு தடவிக்கொண்டு நிற்காமல் கிட்டின ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அந்த நேரத்தில் தேவைப்படுவது அட்ரினலின் ஊசி. பெரிய ஆஸ்பத்திரி தேடிப் போகிற நேரத்தில் உயிர் போய்விடும். வேலை நேரத்தில் கொட்டியது, விழுந்தது என்றால் அனுமதிக்கும்போதே “மலையில் வேலை செய்யும்போது” என்று சொல்லி எழுதவையுங்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் கேட்கும்போது அந்த ஒரு வரிதான் பேசும்.

இதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் போன்ற பெரிய செலவுகளுக்கு ஜனாதிபதி நிதியம் இருக்கிறது. முன்பு கொழும்புவரை அலைய வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். இது பெரிய முன்னேற்றம், பாராட்டுகிறோம். சத்திரசிகிச்சை முடிந்த பிறகு பில்லோடு போகலாம் என்று இருக்க வேண்டாம். திகதி கிடைத்த கையோடு போங்கள். முன்பு அம்பகமுவையோடு இருந்த பல தோட்டங்கள் இப்போது நோர்வூட் பிரிவில் இருப்பதால் எந்தச் செயலகம் என்று கிராம சேவகரிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். சிறுநீரக நோயாளருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் மாதாந்தக் கொடுப்பனவு தனியாக உண்டு. 2025 பட்ஜட்டில் அது 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. பாடசாலைப் பிள்ளை வாட்டில் தங்கியிருந்தால் ‘சுரக்ஷா’ காப்புறுதி பற்றி அதிபரிடம் கேளுங்கள்.

இவற்றில் பலவற்றுக்கும் கேட்கிற காகிதம் ஒன்று உண்டு: வாட்டிலிருந்து துண்டு வெட்டும்போது, அதாவது வீட்டுக்கு அனுப்பும்போது, தருகிற டயக்னோசிஸ் கார்ட். பஸ் போய்விடும் என்ற அவசரத்தில் பலர் அதைப் பார்க்காமலே மடித்து வைத்துவிடுகிறார்கள். வாட்டு வாசலிலேயே நின்று நாலு விஷயம் பாருங்கள். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கிறதா? ‘லெட்சுமி’ ஒன்றில் ‘லக்ஷ்மி’, இன்னொன்றில் முதலெழுத்து மாறி இருந்தால் செயலகத்தில் திருப்பி விடுவார்கள். சேர்ந்த திகதியும் வெளியேறின திகதியும் சரியா? டாக்டரின் கையொப்பமும் முத்திரையும் விழுந்திருக்கிறதா? கட்டில் தலைமாட்டில் தொங்கின நோயாளர் பத்திரத்தின் இலக்கம், பி.எச்.டி. நம்பர் என்பார்கள், தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா? பிழை இருந்தால் அப்போதே தாதியிடம் கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள். அந்த இலக்கத்தைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலும் எழுதி வையுங்கள். கார்ட் நனைந்தாலும் தொலைந்தாலும், அந்த இலக்கத்தையும் திகதியையும் சொன்னால்தான் ஆஸ்பத்திரிப் பதிவறையில் பழைய கோப்பைத் தேடி எடுக்க முடியும்.