ரெக்ஃபெஸ்ட்: தகடு எப்படி மடங்கும் என்று தெரிந்தவர்கள் செய்த கேம்

சங்ககிரியில் என் மாமா வைத்திருக்கும் டிங்கரிங் பட்டறையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். அடிபட்டு வருகிற கார்களை நிமிர்த்துவதுதான் எங்கள் தொழில். சக்கரத்தை மூடியிருக்கிற தகடான ஃபெண்டரைத் தொட்டுப் பார்த்தாலே அடி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எவ்வளவு தூரம் உள்ளே ஓடியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அதனாலேயே கார் கேம்கள் பலவற்றை என்னால் ரசிக்க முடியாமல் போனது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதிய வண்டி பெயிண்ட் உரசியதோடு போய்க்கொண்டிருக்கும். இன்னும் சிலதில் எந்த மூலையில் இடித்தாலும் ஒரே மாதிரி பள்ளம் விழும். ரெக்ஃபெஸ்ட் அப்படியில்லை. இரண்டு வருடமாக இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம் இதைத்தான் விளையாடுகிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பழைய கதை. ஒன்பதாவது படிக்கும்போது பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து ஃபிளாட்அவுட் 2 விளையாடுவோம். வேலி, விளம்பரப் பலகை, டயர் அடுக்கு என்று வழியில் இருப்பதையெல்லாம் உடைத்தால், வண்டியைச் சீறவைக்கிற நைட்ரோ ஏறும். பலமாக மோதினால் டிரைவர் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பறப்பான். அவனைப் பறக்கவிட்டு பவுலிங் ஆடுகிற, டார்ட் பலகையில் அடிக்கிற குட்டிப் போட்டிகளும் உண்டு. என் வயதுக்காரர்கள் நிறையப் பேருக்கு இடிக்கிற கேம் என்றால் இன்றைக்கும் அதுதான் ஞாபகம். அதைச் செய்த பின்லாந்துக்காரர்களே, ஹெல்சின்கியில் 2000-இல் தொடங்கிய பக்பேர் நிறுவனம், ரெக்ஃபெஸ்டையும் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது வாங்குவதற்கு நான் யோசிக்கவே இல்லை.

இந்த கேம் வெளியே வந்த பாடு சாதாரணமானதல்ல. 2013-இல் 'நெக்ஸ்ட் கார் கேம்' என்ற பெயரில் பொதுமக்களிடம் 3,50,000 டாலர் திரட்டப் பார்த்தார்கள். அது சேராது என்று தெரிந்ததும் நடுவிலேயே நிறுத்திவிட்டு, 2014 ஜனவரியில் அரைகுறையாக இருந்ததையே ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் விற்பனைக்கு வைத்தார்கள். வாங்கியவர்கள் விளையாடிக்கொண்டே இருக்க, இவர்கள் செய்துகொண்டே இருந்தார்கள். 2018 ஜூனில்தான் முழு கேமாக முடிந்தது. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் வடிவங்கள் 2019 ஆகஸ்டில் வந்தன. நான்கரை வருடம் ஒரே வேலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த உழைப்பு எங்கே போயிருக்கிறது என்று தேடவே வேண்டாம், தகட்டில் தெரிகிறது.

ஒரே ஒரு மோதலை மட்டும் சொல்கிறேன். எட்டு வடிவ மண் டிராக், நடுவில் இரண்டு பாதைகள் ஒன்றையொன்று வெட்டும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சந்திப்பை இரண்டு முறை கடந்தாக வேண்டும். நான் ஓட்டியது ரேமர் என்ற பழைய அமெரிக்கக் கார், நீளமான பானெட், கனமான உடம்பு. மூன்றாவது சுற்றில் வலப்பக்கத்திலிருந்து ஒரு சின்ன கார் வந்து என் முன்சக்கரத்துக்குச் சற்று முன்னால் ஃபெண்டரில் அடித்தது. முதலில் ஃபெண்டர் உள்ளே போனது. அது போன வேகத்தில் பானெட்டின் ஓரம் மேலே தூக்கியது. பம்பர் ஒரு பக்கம் கழன்று மண்ணைக் கீறிக்கொண்டே வந்தது. சக்கரம் கொஞ்சம் உள்பக்கமாகத் திரும்பிவிட்டது, அதன்பிறகு ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகவே பிடித்துக்கொண்டே இருந்தால்தான் வண்டி நேராகப் போனது. அடி எங்கே விழுந்ததோ அங்கிருந்து சேதம் பரவுகிறது, பரவுகிற வரிசையும் சரியாக இருக்கிறது. மிச்சமிருந்த சுற்றுகளை இழுக்கிற வண்டியோடு ஓட்டி ஒன்பதாவதாக வந்தேன். ஜெயித்த பந்தயங்கள் பல மறந்துவிட்டன, இது மறக்கவில்லை.

இதைப் பார்க்க வேண்டுமென்றால் ஆப்ஷனில் சேதத்தை 'ரியலிஸ்டிக்' என்று மாற்ற வேண்டும். 'நார்மல்' வைத்தால் வண்டி ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கும், புதிதாக ஆடுகிறவர்களுக்கு அது போதும். ஆனால் இந்த கேமின் அருமை ரியலிஸ்டிக்கில்தான். முதல் வளைவில் இருபத்து நான்கு வண்டிகளும் ஒன்றாக நுழையும்போது, முந்துவதா, ஒதுங்கி மற்றவர்கள் இடித்துக்கொள்ளட்டும் என்று விடுவதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கழன்று விழுந்த பம்பரும் சிதறிய டயரும் அடுத்த சுற்றிலும் அங்கேயே கிடக்கும். 2004-இல் வந்த பர்ன்அவுட் 3 எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் அதில் நொறுங்கியதும் அடுத்த நொடி புது வண்டியோடு டிராக்கில் நிற்போம். இங்கே வாங்கிய அடியைக் கடைசிவரை சுமந்துதான் ஓட்டியாக வேண்டும்.

அடுத்து டெர்பி. மைதானத்தில் வண்டிகளை விட்டுவிடுவார்கள், கடைசியில் ஓடுகிற நிலையில் நிற்பவர் ஜெயித்தவர். ஒதுங்கி நின்று ஒளிந்துகொள்ளவும் முடியாது, குறிப்பிட்ட நேரத்துக்குள் யாரையாவது இடிக்காவிட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அமெரிக்காவின் கிராமப்புறத் திருவிழாக்களில் நிஜமாகவே நடக்கிற போட்டி இது. அங்கே கண்ணாடியை எல்லாம் எடுத்துவிட்டு, கதவுகளை வெல்டு வைத்தோ சங்கிலி போட்டோ மூடி, பெட்ரோல் டேங்கை இடம் மாற்றி வைத்துத்தான் வண்டியை இறக்குவார்கள். அவர்கள் கையாளும் முக்கியமான உத்தி ரிவர்ஸில் போய் இடிப்பது. முன்னால் இடித்தால் ரேடியேட்டர் உடையும், இன்ஜின் போகும். டிக்கி வெறும் தகடுதானே, எத்தனை அடியும் வாங்கும். நான் முதல்முறை கேமில் வருகிற ஃபேர்ஃபீல்டு கவுண்டி சேற்று மைதானத்தில் இறங்கியபோது யாரும் சொல்லித்தராமலே இதைத்தான் செய்தேன், தொழில் பழக்கம். அது கேமிலும் பலித்தது. டிக்கி பின்சீட்டுவரை நசுங்கிய வண்டியோடு நான் ஓடிக்கொண்டிருந்தேன். முகத்தைக் கொடுத்து மோதியவர்கள் புகை கக்கி நின்றார்கள்.

வண்டியைத் தயார் செய்கிற பகுதியும் யோசித்துச் செய்யப்பட்டிருக்கிறது. பிஸ்டன், கேம்ஷாஃப்ட், வால்வு என்று இன்ஜினைக் கூட்டிக்கொண்டே போகலாம். கூடவே இரும்பு பம்பர், ரோல் கேஜ், பக்கவாட்டுக் கவசம் என்று உடம்பையும் பலப்படுத்தலாம். ஆனால் கவசம் ஏற ஏற எடையும் ஏறும், வளைவில் வண்டி மந்தமாகும். அதனால் பந்தயத்துக்கு ஒரு வண்டி, டெர்பிக்கு ஒரு வண்டி என்று தனித்தனியாக வைத்திருக்கிறேன். இது தவிர புல்வெட்டும் வண்டி, சக்கரம் வைத்த சோபா, மூன்று சக்கர வேன், பள்ளிப் பேருந்து, கதிர் அறுக்கும் இயந்திரம் எல்லாம் உண்டு. சோபா பந்தயத்தை என் தங்கச்சி மகன் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே ஆடுவான். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. பள்ளிப் பேருந்து மட்டும் வேறு, அவ்வளவு எடை பக்கவாட்டில் வந்து மோதும்போது சின்ன கார் பேப்பர் கப் மாதிரி கசங்குகிறது.

பழைய, ஓட்டை வண்டிகள் மேல் இவர்களுக்கு ஏன் இத்தனை பாசம் என்று முதலில் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, பின்லாந்தில் 'ஜொக்கிஸ்' என்று ஒரு பந்தய வகை இருக்கிறது, எல்லாருக்குமான பந்தயம் என்று பொருள். பழைய கார்களைக் கொண்டு மண் டிராக்கில் ஓட்டுவார்கள். பந்தயம் முடிந்ததும் எந்தக் காரையும் நிர்ணயித்த ஒரே விலைக்கு வேறொருவர் கேட்டு வாங்கலாம் என்பது விதி. அதனால் யாரும் காரில் பெரிய பணத்தைக் கொட்ட மாட்டார்கள், கை சுத்தமாக ஓட்டத் தெரிந்தவன் ஜெயிப்பான். இந்த கேமை ஓட்டுகிற மென்பொருளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ரோமு'. பின்னிஷ் மொழியில் பழைய இரும்பு என்று அர்த்தம். பட்டறைக்காரனுக்கு இதைவிடப் பிடித்த பெயர் இருக்க முடியுமா!

குறைகளும் இருக்கின்றன. எனக்குப் பெரிய ஏமாற்றம் ரிப்பேர்தான். பந்தயம் முடிந்து அடுத்ததற்குப் போனால் வண்டி புதுசாக நிற்கிறது, செலவே இல்லை. டிராக்கில் ஒவ்வொரு அடிக்கும் இத்தனை மதிப்பு கொடுத்தவர்கள், அதை நிமிர்த்துகிற வேலையை ஒரு திரைகூடக் காட்டாமல் விட்டுவிட்டார்கள். மடங்கிய ஃபெண்டரோடு அடுத்த பந்தயத்துக்குப் போவதா, காசு கொடுத்துச் சரிசெய்வதா என்று ஒரு கேள்வி வைத்திருந்தால், ஒவ்வொரு பந்தயமாக முன்னேறுகிற கேரியர் பகுதிக்கே உயிர் வந்திருக்கும். இப்போது அது முதலில் நன்றாகப் போய், மூன்றாவது கட்டத்துக்கு மேல் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது.

அப்புறம், ஒரே டிவியில் இரண்டு பேர் சேர்ந்து ஆட முடியாது. ஆன்லைனில்தான் சேர வேண்டும். வீட்டில் மச்சான்களோடு கூடி ஆட வேண்டிய கேம் இது, ஆளுக்கொரு பந்தயம் என்று கண்ட்ரோலரைக் கைமாற்றிக்கொண்டிருக்கிறோம். பாட்டுகள் பெரும்பாலும் காது கிழிகிற ராக் இசை. நான் அதைச் சுத்தமாக அணைத்துவிட்டேன், அப்போதுதான் தகடு கிழிகிற சத்தமும் உரசுகிற சத்தமும் தனித்தனியாகக் கேட்கின்றன. நீங்களும் ஒருமுறை அப்படி ஆடிப் பாருங்கள்.

மோதலின் துல்லியம் மட்டும்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஜெர்மனியின் பீம்என்ஜி டிரைவ் என்ற கேம் இருக்கிறது. தகடு, வண்டியின் அடிச்சட்டமான சேஸ், சஸ்பென்ஷன் எல்லாம் வளைகிற நுணுக்கத்தில் அது இன்னும் ஒரு படி மேல், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அது சோதனைக்கூடம் மாதிரி. நிறைய வண்டிகளை ஒன்றாக இறக்கினால் சாதாரணக் கம்ப்யூட்டர் திணறிவிடும். இருபத்து நான்கு வண்டிகள் புழுதியோடு ஒன்றையொன்று நெருக்குகிற பந்தயம் வேண்டுமென்றால் ரெக்ஃபெஸ்ட்தான். இதன் இரண்டாம் பாகம் 2025 மார்ச்சில் முழுமையாகாத முன்வடிவமாக விற்பனைக்கு வந்தது. முதல் பாகத்தைப் போலவே அதையும் விற்றுக்கொண்டே வளர்க்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் பாகத்தையே வாங்குங்கள், அதில் எல்லாம் நிறைவாக இருக்கிறது. கூடுதல் வண்டிகள் தருகிற சீசன் பாஸ் இப்போதைக்கு வேண்டாம், அடிப்படை கேமே மாதக்கணக்கில் போகும். ஸ்டீமில் விலை குறைக்கிற சமயம் பார்த்து வாங்கினால் இன்னும் நல்லது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் தயங்க வேண்டாம், ரத்தம் கிடையாது, நொறுங்குவதெல்லாம் இரும்புதான். கீபோர்டில் மட்டும் ஆடாதீர்கள். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப கண்ட்ரோலர் இருந்தால்தான் இழுக்கிற வண்டியைச் சமாளிக்க முடியும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வந்திருந்தார். வாழ்க்கையில் ஒரு கேமும் தொட்டதில்லை அவர். நான் நேருக்கு நேர் மோதி நின்றுபோன வண்டியோடு கேமை அப்படியே நிறுத்திவைத்து, "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். பானெட்டைப் பார்த்தார், சக்கரத்தையும் கதவையும் பார்த்தார்.

"பானெட்டை விடு மாப்ள, அது மாத்திக்கலாம். கதவு இடுக்கைப் பாரு. மேல அகலமா இருக்கு, கீழ ஒட்டிக்கிட்டு இருக்குது. சேஸ் வளைஞ்சு போச்சு. இதுக்கு எஸ்டிமேட்டே போடாத, பார்ட்டிகிட்ட முடியாதுன்னு சொல்லிரு."

சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "சரி, அடுத்ததை ஓட்டு."