முப்பரிமாண மாலா, சாதாரண இணையக் கடையா? ஒரு மேசை வாங்கிய கதை

எனக்கு ஒரு எழுத்து மேசை தேவைப்பட்டது. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே 120 சென்டிமீட்டர்தான் இடம். அதற்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஒரு மாலைப்பொழுது முழுக்க முப்பரிமாண மெய்நிகர் மால் ஒன்றில், அதாவது திரைக்குள் ஒரு பொம்மை உருவத்தை நடக்கவிட்டுக் கடை பார்க்கும் இடத்தில், சுற்றினேன். மறுநாள் சாதாரண இணையக் கடையில் இருபது நிமிடம் தேடி வாங்கிவிட்டேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இனி ஒளிப்பதற்கில்லை.

மாலின் முதல் பத்து நிமிடம் நன்றாகவே இருந்தது. பளபளக்கும் தரை, கண்ணாடிக் கூரை, எனக்கென்று ஒரு பொம்மை உருவம். அந்த உருவம் அடிக்கடி தூணில் முட்டிக்கொண்டு நின்றதைப் பெரிதுபடுத்த வேண்டாம். ஆனால் மேசைகள் இருந்த மூன்றாம் தளத்துக்கு நகரும் படியில் ஏறிப் போகச் சொன்னபோதுதான் ஒரு கேள்வி வந்தது. செங்கல் கட்டடத்தில் தளங்கள் இருப்பதற்குக் காரணம் பொருள்களை எங்காவது வைத்தாக வேண்டும் என்பது. திரைக்குள் எதற்கு மாடிப்படி?

சாதாரணக் கடையின் வசதிகளை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேடல், வடிகட்டி, வாங்கியவர்களின் புலம்பல், விலை ஒப்பீடு. அகலத்தை 120க்குள் என்று குறித்ததும் பாதிக்கு மேல் கழிந்துவிட்டது.

சரி, அலங்காரம், வேகம் எல்லாம் போகட்டும். என்னைப் பொறுத்தவரை வழக்கைத் தீர்த்தது பராமரிப்பு. மாலில் எனக்குப் பிடித்த மேசை அடர்ந்த தேக்கு நிறத்தில் நின்றது. அதைத் தொட்டதும் ஒரு சாதாரண இணையப் பக்கம் திறந்தது. அங்கே வெள்ளை மட்டும்தான் இருந்தது. தேக்கு நிறம் விற்பனையிலிருந்து எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டதாம். இல்லாத மேசையைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன்!

இது அந்த ஒரு கடையின் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. சாதாரணக் கடையில் நிறம் மாறினால் ஒரு புகைப்படத்தை மாற்றினால் போதும், சில நிமிட வேலை. முப்பரிமாண உருவம் அப்படியல்ல. பொருளை அளந்து வடிவம் கட்ட வேண்டும், மரமோ துணியோ அதன் மேற்பரப்பைப் பூச வேண்டும், ஒளி விழும் விதத்தைச் சரிபார்க்க வேண்டும். அப்புறம் சாதாரண போனிலும் திணறாமல் ஓடும்படி கோப்பின் எடையைக் குறைக்க வேண்டும். கைப்பிடி மாறினாலும் இதில் பாதி வேலையைத் திரும்பச் செய்தாக வேண்டும். அதனால் ஒன்று, மாலில் பொருள்கள் குறைவாக இருக்கும். இல்லையென்றால் பழசாக இருக்கும். நான் பார்த்ததில் இரண்டும் இருந்தன.

பெரிய கைகளும் இதில் இறங்கிப் பார்த்தவைதான். அமெரிக்கன் அப்பேரல் என்ற உடை நிறுவனம் 2006இல் செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகத்துக்குள் கடை திறந்து அடுத்த ஆண்டே மூடியது. 2016இல் ஈபேயும் ஆஸ்திரேலியாவின் மையர் நிறுவனமும் சேர்ந்து, தலையில் மாட்டும் கருவி வழியாகப் பார்க்கும் பல்பொருள் அங்காடி ஒன்றைத் திறந்தன. 12,500 பொருள்கள் என்றார்கள். முழு முப்பரிமாண உருவம் பெற்றவை அதில் ஒரு சிறு பகுதிதான். எல்லாவற்றுக்கும் உருவம் செய்து கட்டுப்படியாகாது என்பதற்கு வேறு சாட்சி தேவையா?

இவ்வளவு சொன்னாலும் முப்பரிமாணத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. நான் வாங்கிய சாதாரணக் கடையிலேயே ஒரு பொத்தான் இருந்தது: மேசையை போன் கேமரா வழியாக நம் அறையில் நிறுத்திப் பார்க்கலாம். பார்த்தேன். மேசை இடத்தில் அடங்கியது, ஆனால் இழுப்பறையைத் திறக்கும் பக்கம் அலமாரிக் கதவு இடித்தது. இழுப்பறை இடப்பக்கம் உள்ள மாதிரிக்கு மாறினேன். எந்தப் புகைப்படமும் இதைச் சொல்லியிருக்காது. என்னைக் கடைக்குள் இழுத்துப்போவதைவிட, பொருளை என் அறைக்குக் கொண்டுவருவதில்தான் இந்த நுட்பத்துக்கு வேலை இருக்கிறது.

அறைகலன் விற்கும் ஐகியா நிறுவனம் 2017இல் இதே வேலைக்கு ஒரு செயலி வெளியிட்டது; தொடக்கத்திலேயே சுமார் 2,000 பொருள்கள். அவர்களால் முடிந்ததில் ஆச்சரியமில்லை. அச்சிட்டு வெளியிட்ட பொருள் பட்டியலின் படங்களில் பெரும்பகுதியை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே கணினியில்தான் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே உருவங்களைச் செய்து வைத்திருப்பவருக்குப் பராமரிப்பு புதுச் சுமையல்ல.

இரண்டு இடங்களில் என் தீர்ப்பை முழுதாக நம்ப வேண்டாம். தலையில் மாட்டும் கருவியில் கால் மணி நேரம்தான் கடை பார்த்திருக்கிறேன், தலைசுற்றலோடு கழற்றிவிட்டேன். பழகியவர்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம். உடைகளை இப்படி வாங்கியதே இல்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்த மாலுக்கு முதலில் என்னைக் கூப்பிட்டது வேறு ஊரில் இருக்கும் அக்காதான். இரண்டு பொம்மை உருவங்களும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தபடி ஒன்றரை மணி நேரம் பேசினோம், கடைகளைக் கிண்டலடித்தோம், எதையும் வாங்கவில்லை. வடிகட்டியில் 120 என்று குறிக்கும்போது பேச்சுத் துணைக்கு யாரும் இல்லை. அக்கா இன்னும் அவ்வப்போது அங்கே கூப்பிடுகிறாள், நானும் போகிறேன். பணப்பையை மட்டும் திறப்பதில்லை.