1751 ஜனவரிக்கும் விடை சொல்லும் தேதி ஆப்

பழைய ஆவணத் தேதிகளை இன்றைய தேதியாக மாற்றித் தரும் இந்த இலவச ஆப்புக்கு 5-க்கு 2 நட்சத்திரம்தான். அந்த இரண்டும்கூட விளம்பரத் தொல்லை இல்லை என்பதற்காக.

நாள் கணக்கில் குறை சொல்ல முடியாது. 17-ஆம் நூற்றாண்டு ஜூலியன் தேதி (இன்றைய கிரிகோரியன் காலண்டருக்கு முன் இருந்த பழைய காலண்டர்) என்றால் 10 நாள், 1700 பிப்ரவரி தாண்டிவிட்டால் 11 நாள் என்று சரியாகவே கூட்டுகிறது. கோட்டை விடுவது வருடத்தில். இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி வருடம் பிறந்தது மார்ச் 25-ல்தான், ஜனவரி வந்தாலும் மார்ச் 24 வரை பழைய எண்ணே ஓடும், இங்கே சென்னைக் கோட்டையில் இருந்த கம்பெனிக்காரர்களுக்கும் அதே கணக்கு. அதனால் அவர்கள் ஏட்டில் பிப்ரவரி 1720 என்று இருந்தால் நமக்கு அது 1721. பக்கத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்கோ ஜனவரி 1-லேயே புது வருடம், இன்றைய காலண்டரையே வைத்திருந்ததால் தேதியும் 11 நாள் முன்னால். இந்த ஆப் 11 நாளைக் கூட்டிவிட்டு 1720-ஐ அப்படியே விட்டுவிடுகிறது. இந்தக் குழப்பத்துக்காகவே அந்தக் காலத்தில் பலர் 1720/21 என்று இரண்டையும் சேர்த்து எழுதினார்கள், அப்படி அடித்தால் 'தவறான தேதி' என்கிறது!

சரி, சோதித்துப் பார்ப்போமே என்று இங்கிலாந்தைத் தேர்ந்தெடுத்து 1751 ஜனவரி 10 என்று கொடுத்தேன். அப்படி ஒரு நாள் அங்கே சட்டக் கணக்கில் கிடையவே கிடையாது. மார்ச் 25-ல் பிறந்த 1751-ஐ, வருடப் பிறப்பை ஜனவரி 1-க்கு மாற்றிய புதுச் சட்டம் டிசம்பர் 31-லேயே முடித்துவிட்டது, மொத்தமே 282 நாள். ஆப் கொஞ்சமும் தயங்காமல் 1751 ஜனவரி 21 என்று பதில் தருகிறது.

காலண்டர் மாறியதும் வருடப் பிறப்பு மாறியதும் ஒன்றுதான் என்று நினைத்து இதைச் செய்திருக்கிறார்கள் போல. ஸ்காட்லாந்து 1600-லேயே ஜனவரி 1-க்கு வந்துவிட்டது, ஜூலியன் காலண்டரை விட்டது 1752-ல். அதனால்தான் மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டிய ஜனவரி 30, லண்டன் கணக்கில் 1648, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1649. ஆப்பில் ஸ்காட்லாந்துக்குத் தனி இடமே இல்லை, இங்கிலாந்தோடு சேர்த்துவிட்டார்கள். ரஷ்யாவிலும் செப்டம்பர் 1-ல் பிறந்துகொண்டிருந்த வருடத்தை மன்னர் மகா பீட்டர் 1700-ல் ஜனவரிக்கு மாற்றினார், ஆனால் ஜூலியன் 1918 வரை நீடித்தது. வெனிஸ்காரர்களின் மார்ச் 1 வருடப் பிறப்பு பற்றியெல்லாம் கேட்கவே வேண்டாம்.

19-ஆம் நூற்றாண்டு ரஷ்யத் தேதிகள் மட்டும் பார்ப்பவர்கள் தாராளமாக இறக்கிக்கொள்ளலாம். 1752-க்கு முந்தைய ஆங்கில ஆவணம், அதிலும் ஜனவரி முதல் மார்ச் வரை என்றால் கையால் கணக்குப் போடுவதே மேல். 'வருடம் எந்தத் தேதியில் பிறக்கிறது' என்று கேட்க ஒரு கட்டம் வைத்தால் போதும், அடுத்த அப்டேட்டில் அது வந்தால் 4 நட்சத்திரம் போட எனக்குத் தயக்கமில்லை.