சித்தியோட ரெண்டாயிரம் எங்க போச்சு? போஸ்ட்மேன் வழியா தொறந்த போஸ்ட் பேமெண்ட்ஸ் பேங்க் கணக்கு பத்தி

மொதல்லயே சொல்லிடறேன், 5க்கு 4 ஸ்டார். ஆறு மாசத்துக்கு மேல பாத்துட்டுதான் எழுதறேன். இண்டியா போஸ்ட் பேமெண்ட்ஸ் பேங்க், தபால் ஆபீஸ்காரங்க 2018ல ஆரம்பிச்சது. கணக்கு எனக்கில்ல, எங்க சித்திக்கு. பெங்களூர்ல கிருஹலட்சுமி பணம் (குடும்பத் தலைவிக்கு மாசம் ரெண்டாயிரம் குடுக்கற கர்நாடக அரசுத் திட்டம்) வரல வரலன்னு அலையற நம்ம ஜனங்க நெறைய பேர் இருக்காங்க, அவங்களுக்கு ஆகும்னுதான் கொஞ்சம் நீளமா எழுதறேன்.

சித்தி ஸ்ரீராம்புரம். மல்லேஸ்வரத்துல மூணு வீட்ல சமையலும் பாத்திரமும். சித்தப்பா தவறிப்போயி எட்டு வருஷம் ஆச்சு, ரேஷன் கார்டுல சித்திதான் குடும்பத் தலைவி, பிபிஎல் கார்டு. 2023 ஜூலைல அர்ஜி, அதாவது விண்ணப்பம், வாங்க ஆரம்பிச்சதுமே பெங்களூர் ஒன்ங்கற அரசு சேவை மையத்துல போயி வரிசையில நின்னு போட்டுட்டாங்க, பைசா செலவில்ல, அது இலவசம்தான். ஆகஸ்ட் 30 மைசூர்ல திட்டத்த தொடங்கி வெச்சாங்க, பக்கத்து வீட்டு அக்காவுக்கு வந்துச்சு, எதிர் வீட்டுக்கு வந்துச்சு, சித்திக்கு மட்டும் வரல. அர்ஜி பாஸ் ஆன பேப்பர் கைல இருக்கு, பணம் மட்டும் இல்ல.

ஒரு வருஷம் ஓடிப்போச்சு. நடுவுல ஒரு சைபர் சென்டர்ல 300 ரூபா வாங்கிட்டு "ஆதார் லிங்க் பண்ணிட்டேன்மா, அடுத்த மாசம் வந்துடும்"னு ஒரு பிரிண்ட் குடுத்து அனுப்பிட்டாங்க, வாங்கிப் பாத்தா அது ஆதார் கார்டோட கலர் பிரிண்ட், அவ்வளவுதான். சித்தி அத பிளாஸ்டிக் கவர்ல போட்டு சாமி படத்துக்குப் பின்னாடி பத்திரமா வெச்சிருந்தாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. பாஸ்புக் எடுத்துட்டு அவங்க பேங்க்குக்குப் போனா "ஆதார் லிங்க் ஆயிருக்கு, எங்ககிட்ட பணம் வரல"ன்னு சொல்லி முடிச்சுட்டாங்க. அவங்க சொன்னதும் நிஜம்தான், அத அப்புறம்தான் புரிஞ்சுகிட்டேன்.

இங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க, நானும்தான். ஆதார் லிங்க் வேற, ஆதார் சீடிங் வேற. லிங்க் நீங்க நாலு பேங்க்லயும் பண்ணலாம், அது வெறும் கேஒய்சி மாதிரி, நீங்க யாருன்னு காட்டற அடையாளச் சான்று. ஆனா ஆதார் வழியா கவர்மெண்ட் பணம் அனுப்பும்போது அக்கவுண்ட் நம்பர பாக்கறதே இல்ல. என்பிசிஐன்னு ஒண்ணு இருக்குல்ல, யுபிஐ நடத்தறாங்களே அவங்கதான், அவங்ககிட்ட ஒரு லிஸ்ட் இருக்கு, இந்த ஆதார் நம்பருக்கு இந்த பேங்க்னு. ஒரு ஆதாருக்கு ஒரே ஒரு பேங்க்தான். கடைசியா எந்த பேங்க்ல சீட் பண்ணாங்களோ அதுக்குத்தான் பணம் போகும், நீங்க எந்த பாஸ்புக்க கைல வெச்சுகிட்டு உக்காந்திருந்தாலும் சரி. கேஸ் மானியமும் இதே வழிதான்.

அப்ப சித்தியோடது எந்த பேங்க்ல இருக்குன்னு பாக்கணும். மைஆதார் வெப்சைட்ல "பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்"னு ஒரு பட்டன் இருக்கு, பேங்க் பேரு காட்டும். டிபிடி கர்நாடகான்னு ஒரு ஆப்பும் இருக்கு (டிபிடின்னா அரசு பணத்த நேரா கணக்குல போடறது), அதுல எந்தத் தேதி எவ்ளோ எந்த பேங்க்குக்கு அனுப்பினாங்கன்னு தவணை தவணையா வரும். ரெண்டுக்கும் ஆதார்ல இருக்கற நம்பருக்கு ஓடிபி வரணும். சித்தி ஆதார்ல இருந்தது சித்தப்பாவோட பழைய நம்பர். அந்த சிம் எப்பவோ செத்துப்போச்சு.

எங்க தெருவுக்கு வர்ற போஸ்ட்மேன் அண்ணாதான் இங்க உள்ள வந்தார். ஆதார்ல மொபைல் நம்பர் மாத்தறத அவங்க வீட்டுக்கே வந்து பண்றாங்க, எனக்கு அதுவரைக்கும் தெரியவே தெரியாது. கைல ஒரு போன், ஒரு சின்ன ரேகை மெஷின், அப்ப 50 ரூபா, வாசப்படியில உக்காந்தே முடிஞ்சுது. முடிஞ்சுதுன்னு சொல்றேன், மொத நாள் சித்தி ரேகை விழவே இல்ல. இருவது வருஷமா சோப்புத் தண்ணியிலயே இருந்த கை, வெரல் எல்லாம் வழுவழுன்னு ஆயிடுச்சு. அவர் கொஞ்சம்கூட சலிச்சுக்கல, "நாளைக்குக் காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி வரேன்மா, தண்ணில கை வெக்காம இருங்க"ன்னு சொல்லிட்டுப் போனார், மறுநாள் கொஞ்சம் தேங்காண்ணெய் தடவி தொடச்சுட்டு எடது கை மோதிர வெரல வெச்சதும் பிடிச்சுகிச்சு. சித்திகிட்ட தமிழ்லயே பேசினார். ஒரு ஆபீஸ் கவுண்டர்ல கன்னடம் படிக்கத் தெரியலன்னு ஒதுங்கி நின்னு பழக்கப்பட்டவங்களுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு எங்க ஏரியாக்காரங்களுக்குத் தெரியும்.

நம்பர் மாறினதுக்கு அப்புறம் ஆப்ப தொறந்து பாத்தா 11 தவணை போயிருக்கு. 22,000 ரூபா! சித்தி பேரே கேள்விப்படாத மாதிரி முழிச்ச ஒரு பேங்க்குக்கு. யோசிச்சு யோசிச்சு ராத்திரி ஞாபகம் வந்துது, பொம்பளைங்க சங்கத்துல குரூப் லோன் வாங்கினப்ப எல்லாரையும் உக்கார வெச்சு ரேகை வாங்கி ஒரு கணக்கு தொறந்தாங்க, அப்பவே ஆதார் சீடிங்கும் அங்க போயிடுச்சு. லோன் கட்டி முடிச்சாச்சு, பாஸ்புக்கும் தொலைஞ்சாச்சு, பணம் மட்டும் மாசாமாசம் அங்க போயி உக்காந்திருக்கு. நாம ஊரெல்லாம் தேடிகிட்டிருக்கோம். அந்த பேங்க்ல கேஒய்சி திரும்பக் குடுத்து, ரெண்டு தடவ அலைஞ்சு, ஏதோ சார்ஜ் கழிச்சது போக மீதிய எடுத்தோம்.

அதுக்கப்புறம்தான் இந்த போஸ்ட் பேங்க் கணக்கு. மினிமம் பேலன்ஸ் கெடையாது, அதான் எனக்கு முக்கியம், ரெண்டாயிரம் வந்து அதுல நூறு எரநூறு பிடிச்சா மனசு ஆறாது. ஆதார் போதும், பான் இல்லாதவங்க ஃபார்ம் 60 குடுக்கலாம். தொறக்கும்போது அரசு பணம் இந்தக் கணக்குக்கு வரணுமான்னு கேப்பாங்க, அங்க தெளிவா ஆமான்னு சொல்லணும், ஏற்கனவே வேற பேங்க்ல சீடிங் இருந்தா அந்த பேங்க் பேரையும் சொல்லி மாத்தச் சொல்லணும். கொஞ்ச நாள் கழிச்சு மைஆதார்ல பாத்தேன், பேங்க் பேரு மாறியிருந்துச்சு, அடுத்து வந்த தவணை நேரா இதுல விழுந்துச்சு. பணம் எடுக்க போஸ்ட் ஆபீஸ் போயி ரேகை வெச்சா போதும், நடந்தே போற தூரம்.

ஒரு ஸ்டார் கொறச்சது எதுக்குன்னா, ஏடிஎம் கார்டு எங்க கைல குடுக்கல, கியூஆர் போட்ட ஒரு கார்டுதான், அதுக்கும் ரேகையோ ஓடிபியோ வேணும். சித்தி மாதிரி ரேகை தேஞ்ச கைக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போராட்டம்தான். ரெண்டு லட்சத்துக்கு மேல இதுல வெக்கவும் முடியாது, அது எங்களுக்குப் பிரச்சனை இல்ல.

இன்னொண்ணு, எல்லாருக்கும் சிக்கல் சீடிங்லதான் இருக்கும்னு சொல்ல வரல. எங்க தெருவுல இன்னொருத்தங்களுக்கு ரேஷன் கார்டுல பேரு ஒரு மாதிரி, ஆதார்ல ஒரு மாதிரி. இனிஷியல் இருக்கற தமிழ்ப் பேருக்கு இது சகஜம். பெண்டாட்டியோ புருஷனோ இன்கம் டேக்ஸ் கட்டினாலும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டாலும் கெடைக்காது, அதனால சின்னக் கடைக்கு ஜிஎஸ்டி எடுத்தவங்க அத மொதல்ல பாத்துக்கோங்க. இதெல்லாம் போஸ்ட்மேன் சரி பண்ற விஷயம் இல்ல. திட்டம் பெண்கள் குழந்தைகள் துறையோடது, சிடிபிஓ (அந்தத் துறையோட வட்டார அதிகாரி) ஆபீஸுக்குத்தான் போகணும், எந்த ஆபீஸ்னு தெரியலன்னா அங்கன்வாடி டீச்சர கேளுங்க, இல்லன்னா 1902க்கு போன் பண்ணுங்க.

கணக்கு தொறக்கப் போறவங்க "லிங்க் பண்ணுங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க. "டிபிடிக்கு ஆதார் சீடிங் இந்தக் கணக்குக்கு மாத்துங்க"ன்னு அந்த வார்த்தையையே சொல்லுங்க, எழுதி எடுத்துட்டுப் போனாலும் சரி. சித்தி இப்ப இத தெருவுல நாலு பேருக்கு மனப்பாடமா சொல்லிக் குடுத்துட்டாங்க, அதுல ரெண்டு பேருக்கு வேற பேங்க்ல பணம் கெடைச்சுடுச்சு.