மூன்று வால்வுகளும் ஒரு குரங்கும்

இஞ்சி, சீனி, தேசிக்காய், ஈஸ்ட். வீட்டில் ஜின்ஜர் பியர் போட இவ்வளவு போதும். போத்தலில் அடைத்த பிறகும் ஈஸ்ட் ஓய்வதில்லை என்பதுதான் வில்லங்கம். சீனி மிஞ்சியிருக்கும்வரை வாயுவைக் கக்கிக்கொண்டே இருக்கும். ஒருநாள் போத்தல் வெடிக்கும். அதனால் போத்தல்களை வெந்நீர்த் தொட்டியில் மெல்லச் சூடேற்றி ஈஸ்ட்டைக் கொல்கிறேன். சூடு எல்லை மீறினால் தொட்டியிலேயே வெடிக்கும். தண்ணீரை 65 பாகையில் பிடித்துவைக்க, எரிவாயுவைத் தானாகத் திறந்து மூடும், மின்காந்தத்தால் இயங்கும் சொலனாய்ட் வால்வு ஒன்று தேவைப்பட்டது. மின்சாரத்தில் சூடேற்றலாமே என்பவர்கள் என் மின்பட்டியலைப் பார்த்ததில்லை.

முதலில் வாங்கியது கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் கிடைத்த பித்தளை வால்வு. தண்ணீருக்கும் காற்றுக்கும் விற்பது. 230 வோல்ட், விலை மலிவு. இந்த இனத்தில் பல, உள்ளே இருக்கும் அழுத்தத்தின் உதவியால்தான் திறக்கும். வெறுங் காந்தத்தின் பலம் அவற்றுக்குப் போதாது. நம் வீட்டு ரெகுலேட்டர் தருவது ஏறத்தாழ 30 மில்லிபார். அவை கேட்பதோ அதைப்போல் பத்து மடங்கு. எனது வால்வு ‘டக்’ என்று சத்தம் போட்டதே தவிர, அடுப்புக்கு வந்தது ஒரு பெருமூச்சு. ரப்பரையும் பார்க்க வேண்டும். நைட்ரைல் என்றால் எரிவாயுவைத் தாங்கும், ஈபிடிஎம் என்றால் ஊதிப்போகும். கடைக்காரரிடம் கேட்டேன். ‘நல்ல ரப்பர்’ என்றார்.

இரண்டாவது, எரிவாயுவுக்கென்றே செய்த தனி வால்வு. ஈஎன் 161 என்ற ஐரோப்பியத் தரம் பொறித்தது. அழுத்தமே இல்லாவிட்டாலும் காந்த பலத்தால் திறக்கும், மின்சாரம் நின்றால் சுருள்வில் தள்ளி மூடும். பித்தளை வால்வு நான்கின் விலை. எஸ்டிசி-1000 வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு இணைத்தேன். வால்வு மறுபடி திறக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று நானே பற்றவைப்பேன். ஐந்து மாதம் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதுவே போதும் என்று நண்பர்களிடம் சொல்லியும் திரிந்தேன்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறைப் பக்கம் ஒரு குரங்கு மின்கட்டமைப்பில் கைவைத்து நாட்டையே இருட்டாக்கிய நாள். என் தொட்டி அப்போது 50 பாகையைத் தாண்டியிருக்கவில்லை. மின்சாரம் போனது, வால்வு மூடியது, அடுப்பு அணைந்தது. எல்லாம் முறைப்படி. நான் சுவரிலிருந்த சுவிட்சை மறந்துவிட்டு முன்னறையில் தூங்கிப்போனேன். மின்சாரம் திரும்பியதும் பெட்டி தன் கடமையைச் செய்தது: தண்ணீர் ஆறியிருக்கிறது, வால்வைத் திற. திறந்தது. சுடர்தான் இல்லை.

மேல்வீட்டு மாமி கதவைத் தட்டித்தான் எழுந்தேன். வெள்ளவத்தையில் மாடி வீடுகள் ஒட்டி ஒட்டியிருப்பதில் இப்படியும் ஒரு நன்மை. சிலிண்டர் எரிவாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு படிந்து கிடக்கும். காற்றில் இரண்டு சதவீதமளவு கலந்தாலே பற்றிக்கொள்ளும். மின்விசிறிச் சுவிட்சைத் தொடாமல் ஜன்னல்களைத் திறந்து சிலிண்டரை மூடும்வரை என் கை நடுங்கியது.

வால்வில் பிழையில்லை. அதற்குக் கண் இல்லை, அவ்வளவுதான். கடற்காற்று அடித்துச் சுடர் அணைந்தாலும், பானை பொங்கி அணைந்தாலும், பெட்டிக்குத் தெரிவது சூடு குறைகிறது என்பது மட்டுமே. குறையக் குறைய இன்னும் பிடிவாதமாகத் திறந்துவைத்திருக்கும்.

ஆகவே மூன்றாவது: பொரிப்பு அடுப்புகளில் இருக்கும் கூட்டு வால்வு. எஸ்ஐடி 820 நோவா, ஹனிவெல் விஆர்8200 எல்லாம் இந்தக் குடும்பம். சின்னஞ்சிறு பைலட் சுடர் எப்போதும் எரியும். அதன் நுனியில் நிற்கும் தெர்மோகப்பிள் சூட்டிலிருந்து 30 மில்லிவோல்ட் அளவு மின்னழுத்தத்தை உண்டாக்கி உள்ளே ஒரு காந்தத்தைப் பிடித்துவைத்திருக்கும். பைலட் அணைந்தால் சிறிது நேரத்தில் காந்தம் விட்டுவிடும். பைலட், பிரதான அடுப்பு இரண்டுக்கும் வழி அடைபடும். பிறகு யாராவது கையால் அழுத்திப் பற்றவைத்தால்தான் உண்டு. மின்வெட்டில் பெரிய சுடர் மட்டும் அணையும், பைலட் நிற்கும். மின்சாரம் வந்தால் அது மறுபடி மூட்டிவிடும்.

புதிதாக வாங்க வசதியில்லை. ஹோட்டல் அடுப்புகளைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் பழையதொன்றைப் பேரம்பேசி எடுத்தேன். விலை இரண்டாவது வால்வைவிடச் சற்றே கூட. அமெரிக்க வால்வுகளில் ஒரு சிக்கல்: பல, குழாய்வழி இயற்கை எரிவாயுவுக்குச் சரிசெய்யப்பட்டவை. அதற்கு 3.5 அங்குல உயரத் தண்ணீரின் அழுத்தம், சிலிண்டர் வாயுவுக்கு 10, 11 அங்குலம். சுருள்வில்லையும் பைலட் துளையையும் மாற்றாமல் பூட்டினால் அடுப்பு சோம்பும், பைலட் கரி கக்கும். 24 வோல்ட் என்பதால் டிரான்ஸ்ஃபார்மரும் தனியாக வேண்டும்.

பராமரிப்பும் உண்டு. இரண்டு தடவை பைலட் துளை அடைத்தது. ஒருமுறை குட்டிச் சிலந்தி. பழைய வால்வு என்பதால் மாதமொருமுறை எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்க்கிறேன். உடலைத் திறந்து பழுதுபார்க்கத் துணியமாட்டேன், கசிந்தால் குப்பைக்குத்தான். என்னிடம் வந்து பதினொரு மாதம்தான் ஆகிறது, அதற்குமேல் உறுதி சொல்ல மாட்டேன்.

பித்தளை வால்வு வீணாகவில்லை. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து என் கறிவேப்பிலைச் சாடிக்குத் தண்ணீர் விடுகிறது. அங்கே அழுத்தம் தாராளம்.