கூகுள் ஸ்காலரா, ஸ்கோபஸா? லிட்ரேச்சர் ரிவ்யூவுக்குத் தேடிப் பார்த்ததில்

"என்ன சொல் போட்டுத் தேடினீங்க, எத்தனை வந்தது, எதை ஏன் தள்ளினீங்க?" என்று கைடு கேட்டபோது என்னிடம் இருந்தது பெயர்கூட மாற்றாத பிடிஎஃப் குவியல் மட்டும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் மூன்று வாரம் மேய்ந்ததன் பலன் அது. இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து அலசும் லிட்ரேச்சர் ரிவ்யூ அது; இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களின் தூக்கம் என்பது தலைப்பு. அன்றே ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்துக்கு மாறிவிட்டேன். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை.

தெரிந்த சங்கதிகளைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். இரண்டும் 2004-இல் வந்தவை. ஸ்காலர் இலவசம். ஸ்கோபஸ் எல்செவியர் என்ற பதிப்பக நிறுவனத்துடையது; கல்லூரி சந்தா கட்டியிருந்தால்தான் முழுதாகத் திறக்கும். ஸ்காலரில் ஆய்வேடு, மாநாட்டுக் கட்டுரை, சில சமயம் யாரோ வகுப்புக்குச் செய்த ஸ்லைடுகூட வரும். ஸ்கோபஸில் பெரும்பாலும் தேர்வுக் குழு பார்த்துச் சேர்த்த இதழ்கள்.

என்னை மாற வைத்தது ஒரே விஷயம்: இன்று தேடியதை நாளைக்கும் அதே மாதிரி தேடிக் காட்ட முடியுமா?

ஸ்காலர் லட்சக்கணக்கில் முடிவுகள் இருப்பதாக மார்தட்டும். பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனால் 1000-த்தோடு கதவைச் சாத்திவிடும். எந்தக் கணக்கில் வரிசைப்படுத்துகிறது என்பதும் முழுசாக வெளியே தெரியாது. நிறையப் பேர் மேற்கோள் காட்டிய பழைய கட்டுரைகள் மேலே மிதக்கும், புதிதாக வந்தது அடியில் கிடக்கும். தேடல் பெட்டியில் சுமார் 256 எழுத்துதான் கொள்ளும். செவிலியர், இரவுப் பணி, தூக்கம் மூன்றுக்கும் ஒத்த சொற்களை 'ஆர்' (அல்லது) போட்டு அடுக்கினால் இடம் தீர்ந்துவிடும். முழுக் கட்டுரைக்குள்ளும் தேடுவதால், எங்கோ ஒரு மூலையில் நர்ஸ் என்ற சொல் இருந்தாலும் அதுவும் வந்து நிற்கும். தலைப்பில் மட்டும் தேட வழி உண்டு. சுருக்கத்தில் மட்டும் தேட வழியில்லை.

ஸ்கோபஸில் தலைப்பு, சுருக்கம், குறிச்சொல் மூன்றுக்குள் மட்டும் தேடு என்று சொல்லலாம். 'நர்ஸ்' என்பதை ஆங்கிலத்தில் கடைசி எழுத்து விட்டு அடித்து நட்சத்திரக் குறி போட்டால் நர்சஸ், நர்சிங் எல்லாம் அகப்படும். இரண்டு சொல் எத்தனை சொல் இடைவெளிக்குள் வரவேண்டும் என்றும் நிபந்தனை வைக்கலாம். தேடல் வரியை அப்படியே நகலெடுத்து ஒரு கோப்பில் ஒட்டி, பக்கத்தில் தேதியும் எண்ணிக்கையும் குறித்து வைத்தேன். வந்த முடிவுகளைச் சுருக்கத்தோடு ஒரே மூச்சில் இறக்கி, கட்டுரை விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஸோட்டெரோ மென்பொருளில் போட்டாயிற்று. இரண்டு மாதம் கழித்து அதே வரியை ஓட்டிப் புதிதாக வந்ததை மட்டும் பிரித்தேன். எத்தனை கட்டுரை கிடைத்தது, எத்தனை தள்ளப்பட்டது என்று படிப்படியாகக் காட்டும் பிரிஸ்மா 2020 வரைபடம் கேட்கிற துறை என்றால், இந்தக் கணக்கு இல்லாமல் முதல் பெட்டியையே நிரப்ப முடியாது.

அதற்காக ஸ்காலரை மூட்டை கட்டவில்லை. நல்ல கட்டுரை ஒன்று கிடைத்ததும், அதை யார் யார் பின்னால் மேற்கோள் காட்டினார்கள் என்று துரத்த அதன் வலைதான் அகலம். காசு கேட்கிற கட்டுரையின் இலவசப் பிரதி, 'எல்லாப் பதிப்புகளும்' என்ற இணைப்புக்குள் பலமுறை சிக்கியிருக்கிறது.

சந்தா இல்லாதவர்கள், தலைப்பு மருத்துவம் சார்ந்தது என்றால், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட்டை எடுத்துக்கொள்ளலாம். இலவசம், தேடல் வரியையும் பதிந்து வைக்க முடியும். அதன் மெஷ் சொற்கள், அதாவது கட்டுரைகளுக்கு ஒரே சீராகச் சூட்டும் தலைப்புச் சொற்கள், தனி வசதி: எழுதியவர் ஷிஃப்ட் வொர்க் என்றாலும் நைட் டியூட்டி என்றாலும் ஒரே தலைப்புச் சொல்லின் கீழ் கிடைக்கும். ஆனால் எல்லாக் கட்டுரைகளுக்கும் மெஷ் ஏறியிருக்காது, சாதாரணச் சொற்களையும் சேர்த்தே போடுங்கள். நான் பப்மெட்டையும் ஸ்கோபஸையும் சேர்த்து ஓட்டினேன். இரண்டிலும் இருந்த கட்டுரைகளைக் கழிக்க ஒரு மாலை போயிற்று.

ஸ்கோபஸ் போன்ற இன்னொரு சந்தாத் தரவுத்தளமான வெப் ஆஃப் சயின்ஸை இரண்டு நாள்தான் தொட்டேன், அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அது போதாது. வரலாறு, இலக்கியம் படிப்பவர்கள் என் பேச்சைக் கேட்டு ஸ்கோபஸோடு நின்றுவிட வேண்டாம். புத்தகங்களிலும் ஆங்கிலமல்லாத இதழ்களிலும் வாழும் துறைகளுக்கு அங்கே கூரை தாழ்வு. நான் குறை சொன்ன ஸ்காலரும் நூலக அட்டவணையும்தான் அவர்களுக்குக் கைகொடுக்கும்.